மார்ச் 18ஆ, ஏப்ரல் 7ஆ? ஜோகூர் பாலத்துக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்களிடம் ஒரு கேள்வி

மாசாய்மகள் எழுதியது:

வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து வருஷத்துக்கு மேலாகத் தீராமல் கிடக்கும் வாக்குவாதம் ஒன்றை இங்கே கொண்டுவருகிறேன். போன வாரம் மகளின் பிறந்தநாள் அன்றும் இதே பேச்சு வந்தது. கேக் வெட்டுவதற்குள் அண்ணன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். 2020இல் கொரோனா பரவியபோது மலேசியா மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையைப் போட்டது. சிங்கப்பூர் ஏப்ரல் 7ஆம் தேதிதான் சர்க்கிட் பிரேக்கர் என்ற தன் முடக்கத்தைத் தொடங்கியது. நடுவில் இருப்பது ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள பாலம். நோய் ஒன்றுதான், ஆனால் இருபது நாள் வித்தியாசம்.

அண்ணன் காய்கறி லோரி ஓட்டுகிறார். "நம்ம நாடு செய்ததுதான் சரி. சிங்கப்பூர் தாமதம் பண்ணியது, அதனால்தான் ஒரே நாளில் ஆயிரத்து நானூறு பேருக்கு வந்தது" என்பது அவர் கட்சி. அண்ணியின் தம்பி சிங்கப்பூரில் நிரந்தரவாசி. அவர் நேர் எதிர்: "உங்கள் ஊரில் பயத்தில் மூடினார்கள், இங்கே கணக்குப் பார்த்து மூடினார்கள்" என்பார். இருவரும் என்னைப் பார்த்து "நீ சொல்லு" என்பார்கள், ஏனென்றால் எங்கள் குடும்பத்தில் இரண்டு கட்டுப்பாட்டுக்குள்ளும் மாட்டியது நான் ஒருத்திதான்.

நான் அப்போது சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். ஜோகூரில் இருக்கும் மாசாயிலிருந்து தினமும் விடியற்காலை நாலரைக்கு மோட்டாரில் கிளம்பிப் பாலத்தைக் கடப்பேன். என்னைப் போல் தினமும் கடந்தவர்கள் லட்சம் பேருக்கு மேல்.

மார்ச் 16, திங்கட்கிழமை இரவு பத்து மணிக்குப் பிரதமர் முகைதீன் யாசின் தொலைக்காட்சியில் அறிவித்தார். புதன் பிறந்தவுடன் அமல். அதாவது கையில் இருந்தது இருபத்தாறு மணி நேரம். செவ்வாய்க்கிழமை காலை நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன். தினமும் வந்து போகிறவர்களுக்கு விலக்கு உண்டா இல்லையா என்று லைனில் நின்ற யாருக்கும் தெரியவில்லை. இல்லை என்று மதியத்துக்கு அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது. சூப்பர்வைசர் வந்து, "இன்று ராத்திரிக்குள் துணிமணியோடு வருகிறவர்களுக்குத் தங்க இடம் பார்க்கிறோம். வராதவர்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு. ஐந்து மணிக்குள் பெயர் கொடுங்கள்" என்றார். வீட்டில் சம்பாதிப்பது நானும் அண்ணனும்தான். பெயர் கொடுத்தேன்.

வீட்டுக்குப் போய் இரண்டு சீருடை, மூன்று சுடிதார், அம்மா கட்டித் தந்த புளிக்காய்ச்சல் டப்பா, போர்வை, எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பை ஒன்றில் திணித்தேன். மகளுக்கு அப்போது ஐந்து வயது. "எத்தனை நாள்?" என்று கேட்டாள். 31ஆம் தேதி வரை என்று அரசாங்கம் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். பதினான்கு நாள். அவள் விரலை விட்டு எண்ணி, விரல் போதாமல் கால் விரலையும் சேர்த்துக்கொண்டாள்.

அன்று ராத்திரி பாலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒன்பது மணிக்குச் சாவடியில் வரிசையில் சேர்ந்தேன். காரும் பஸ்ஸும் நகரவே இல்லை. ஜனம் பஸ்ஸை விட்டு இறங்கி, தலையணை, வாளி, சோறு வடிக்கும் எலெக்ட்ரிக் குக்கர் எல்லாம் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எனக்கு முன்னால் போன மோட்டாரில் ஒருவர் சுருட்டிய மெத்தையை முதுகில் கட்டியிருந்தார். இந்த நோய்க்கு ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று சொன்னார்கள். அந்த வரிசையில் என் முழங்கை பக்கத்தில் நின்றவரின் முழங்கையோடு ஒட்டியே இருந்தது, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பன்னிரண்டுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது உள்ளே வந்தேன்.

பதினான்கு நாள் ஆறு மாதமானது. அது தனிக் கதை.

நான் கேட்க நினைப்பது அந்த இருபது நாளைப் பற்றி. அந்த நாட்களில் என் ஊரில் குடும்பத்துக்கு ஒருவர்தான் சாமான் வாங்க வெளியே போகலாம், அதுவும் பக்கத்துக் கடைக்கு. சாலையில் போலீஸ், நாலைந்து நாளில் ராணுவமும் வந்து நின்றது. இங்கே உட்லண்ட்ஸில் முதல் வாரம் முழுக்க உணவங்காடியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். ஒருநாள் அங்கிருந்து அம்மாவுக்கு வீடியோவில் பேசினேன். எனக்குப் பின்னால் மேசை நிறைய ஆட்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அங்கே நோய் இல்லையா?" என்றார். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் போனைத் திருப்பிச் சுவர் பக்கமாக வைத்துக்கொண்டேன்.

எந்த நாடு சரி என்று பட்டிமன்றம் நடத்த வரவில்லை. அப்போது இரண்டு பக்கமும் இருந்தவர்கள், உங்கள் கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்லுங்கள். மலேசியா அவசரப்பட்டதா? சிங்கப்பூர் தாமதித்ததா? நாள் குறித்ததில் தவறா, குறித்த விதத்தில் தவறா?


கிள்ளான்வாசி எழுதியது:

தங்கச்சி, உங்கள் கஷ்டத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மார்ச் 18 அவசரம் இல்லை. என் கணக்குப்படி அது ஒரு வாரம் பிந்தி வந்த முடிவு.

நான் அப்போது சிலாங்கூரில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். பிப்ரவரி கடைசி வரைக்கும் நாடு முழுக்கவே இருபத்துச் சொச்சம் தொற்றுதான். அப்புறம் கோலாலம்பூர் ஸ்ரீ பெட்டாலிங் பள்ளிவாசல் சமயக் கூட்டம். பிப்ரவரி 27 முதல் மார்ச் 1 வரை ஏறக்குறைய 16,000 பேர், அதில் 1,500 பேர்போல வெளிநாட்டவர். கூட்டம் முடிந்து எல்லோரும் ஊர் ஊராகப் போய்விட்டார்கள். ஒரு வாரத்துக்கு மேல் கழித்து, அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்த ஒருவருக்குத் தொற்று என்று புருணை சொன்ன பிறகுதான் இங்கே நூல் பிடித்துத் தேட ஆரம்பித்தார்கள். மார்ச் 14ஆம் தேதி மொத்த எண்ணிக்கை 238. மறுநாள் 428. திங்கட்கிழமை 553. அன்றைக்கு ராத்திரிதான் நீங்கள் சொல்லும் அறிவிப்பு.

மாதிரிகள் வரும் நீலநிறப் பெட்டி ஒன்று உண்டு, நடுவில் ஐஸ் கட்டி, சுற்றிக் குழாய்கள். அதுவரை ஒரு ஷிப்டுக்கு ஒன்றோ இரண்டோ வரும். அந்த வார இறுதியில் பெட்டிகளை வைக்க மேசையில் இடமில்லாமல் நடைபாதையில் வரிசையாகத் தரையில் வைத்தோம். ஒவ்வொரு குழாயின் ஸ்டிக்கரிலும் ஒவ்வொரு ஊர்: பெர்லிஸ், திரெங்கானு, ஜொகூர். ஒரே ஊரில் பரவினால் அந்த ஊரைச் சுற்றி வேலி போடலாம். எல்லா ஊர் ஸ்டிக்கரும் ஒரே பெட்டிக்குள் வந்தால் என்ன செய்வது? அன்று நான் பார்த்தது அதுதான். அதனால்தான் நாடு முழுக்க மூடியது சரி என்று இன்றும் அடித்துச் சொல்கிறேன்.

இருபத்தாறு மணி நேரம் போதாது என்கிறீர்கள். நியாயம். ஆனால் நான்கு நாள் அவகாசம் கொடுத்திருந்தால்? அந்த ஒரு நாளிலேயே பல்கலைக்கழக மாணவர்கள் பை தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் குவிந்தார்கள். மாநிலம் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும் என்று சொன்னதும் போலீஸ் நிலையங்களில் நூற்றுக்கணக்கில் நெருக்கியடித்தார்கள். பிறகு அந்த நிபந்தனையையே நிறுத்தி வைக்கவேண்டியதாயிற்று. இத்தாலியில் மார்ச் 7ஆம் தேதி லொம்பார்டியை மூடும் உத்தரவின் நகல் முன்கூட்டியே கசிந்ததும், மிலான் ரயில் நிலையத்தில் ஜனம் ஓடிப்போய் தெற்கே போகும் ரயிலில் ஏறியது நினைவிருக்கும். அவகாசம் கொடுத்தால் நோயும் சேர்ந்து பயணம் செய்யும்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. ஜூலை 1ஆம் தேதி உள்ளூர்த் தொற்று ஒன்றுகூட இல்லை. அன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சீனப் பெண்மணி, இருபது வருஷம் வேலை பார்த்தவர், முகக்கவசத்தை நனைத்துக்கொண்டு அழுதார். அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.


வெண்பலகை எழுதியது:

நான் சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியை. "தாமதம்" என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்.

ஏப்ரல் 7ஐ மட்டும் பார்த்தால் சிங்கப்பூர் அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருந்ததுபோலத் தோன்றும். முதல் தொற்று ஜனவரி 23. பிப்ரவரி 7ஆம் தேதி எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தினார்கள். அன்று மாலை கடைகளில் அரிசியும் நூடல்ஸும் ஒரு மணி நேரத்தில் காலி. மறுநாள் தைப்பூசம். பால்குடம் எடுத்தவர்கள் நடந்தார்கள், நானும் போனேன், ஆனால் கூட்டம் வழக்கம்போல இல்லை. அதற்குள் தொற்று வந்த ஒவ்வொருவரும் யாரோடு சாப்பிட்டார், எந்த டாக்சியில் போனார் என்று தேடிப்பிடிக்கும் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பிப்ரவரி முழுக்க அது நன்றாகவே வேலை செய்தது.

அதே பிப்ரவரியில் மலேசியாவில் என்ன நடந்தது? 24ஆம் தேதி பிரதமர் மகாதீர் பதவி விலகினார். மார்ச் 1ஆம் தேதி முகைதீன் பதவியேற்றார். மார்ச் 10ஆம் தேதி வரை அமைச்சரவையே இல்லை. ஸ்ரீ பெட்டாலிங் கூட்டம் நடந்ததும் சரியாக அந்த நாட்களில்தான். கிள்ளான்வாசி ஐயா அதை விட்டுவிட்டார். மார்ச்சில் சீக்கிரம் மூடவேண்டி வந்ததற்குப் பிப்ரவரியில் பார்க்க ஆளில்லாமல் போனது ஒரு காரணம். ஆகவே இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் முந்தினார் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தேதிக்கு முன்னால் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

எங்களுக்கு ஆபத்து மார்ச் நடுவில் வேறு வாசல் வழியாக வந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், வேலை பார்த்தவர்கள் கூட்டமாகத் திரும்பினார்கள். நீங்கள் பாலத்தைக் கடந்ததற்கு மறுநாள், மார்ச் 18, இங்கே புதிதாக 47 பேர், அதில் 33 பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அந்த நிலையில் மூடவேண்டியது விமான நிலையத்தின் வாசலையா, உட்லண்ட்ஸ் உணவங்காடியையா? வாசலைத்தான் என்று முடிவு செய்தார்கள். 23ஆம் தேதி இரவு முதல் குறுகியகால வருகையாளர் யாரும் உள்ளே வரமுடியாது.

ஆனால் அதே மார்ச் 23, திங்கட்கிழமை, விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. நாளுக்கு இரண்டு முறை உடல் வெப்பம் பார்ப்போம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்த வெப்பமானி, வாயில் வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் பேசாமல் இருக்கவேண்டும். இரண்டாம் வகுப்பில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். மேசைகளைத் தேர்வு அறைபோல ஒற்றை ஒற்றையாகப் பிரித்துப் போட்டோம். பிள்ளைகள் யாரும் முகக்கவசம் அணியவில்லை, நானும் அணியவில்லை. உடம்பு சரியில்லாதவர்கள் மட்டும் அணிந்தால் போதும் என்பதுதான் அப்போது அரசாங்கம் சொன்னது. உலகச் சுகாதார நிறுவனமும் அதையேதான் சொன்னது. ஏப்ரல் 3ஆம் தேதி பிரதமர் லீ சியன் லூங் பேசும்போதுதான் அது மாறியது.

நான் தாமதம் என்று ஒப்புக்கொள்வது அதைத்தான். 2023இல் நாடாளுமன்றத்துக்கு வந்த வெள்ளையறிக்கையிலும் முகக்கவசம் பற்றி அவ்வளவு அடித்துச் சொல்லியிருக்கக்கூடாது என்ற ஒப்புதல் இருந்தது. பத்து நாள் முப்பது பிள்ளைகளோடு ஒரே அறையில் முகத்தை மூடாமல் பாடம் நடத்தினேன். வீட்டில் எண்பது வயது மாமியார். அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

மற்றபடி, ஏப்ரல் 3 வெள்ளிக்கிழமை சொல்லி 7 செவ்வாய்க்கிழமை மூடினார்கள். நான்கு நாளில் கணினி இல்லாத பிள்ளைகள் யார் யார் என்று பட்டியல் எடுத்து, பள்ளியிலிருந்து இரவல் கொடுத்து, 8ஆம் தேதி வீட்டிலிருந்து பாடம் தொடங்கினோம். இருபத்தாறு மணி நேரத்தில் அது நடந்திருக்காது. அந்த ஆண்டு முடியும்போது சிங்கப்பூரில் இறந்தவர்கள் 29 பேர்.


காவிரிக்கரை எழுதியது:

டீச்சர் சொன்னதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அவர்மேல் வருத்தம் இல்லை, வெளியே இருந்தவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை. நாங்கள் அந்த 47 பேருக்குள்ளும் இல்லை, பள்ளிக்கூடக் கணக்கிலும் இல்லை. நான் கட்டுமான வேலை, தஞ்சாவூர்ப் பக்கம். அப்போது வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

எங்கள் அறையில் பன்னிரண்டு பேர். இரண்டடுக்குக் கட்டில் ஆறு. மேல் கட்டிலில் படுத்துக் கையை நீட்டினால் அடுத்த கட்டில்காரர் தலையைத் தொடலாம். ஒரு மின்விசிறிக்கு நான்கு பேர். வேலைவிட்டு வந்ததும் குளிக்க வரிசை, சமைக்க வரிசை. ஒரு மீட்டர் இடைவெளி என்று ஒட்டிய காகிதம் எங்கள் கதவிலும் இருந்தது. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே அந்த ஒரு மீட்டர் கிடையாது.

தொழிலாளர்களுக்காக வேலை செய்யும் டிடபிள்யூசி2 அமைப்பு மார்ச் மாதமே பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது, விடுதிகளில் வந்தால் தாங்காது என்று. ஏப்ரல் 5ஆம் தேதி முதல் இரண்டு விடுதிகளை மூடினார்கள், ஏறக்குறைய 20,000 பேர் உள்ளே. எங்கள் விடுதிக்குச் சில நாள் கழித்துப் பூட்டு விழுந்தது. எனவே எங்களுக்கு ஏப்ரல் 7 என்ற தேதியே கிடையாது.

ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் 1,426 பேர் என்று சொன்னார்கள் அல்லவா, உங்கள் அண்ணன் சொல்லும் எண் அதுதான். கிட்டத்தட்ட எல்லோரும் விடுதிக்காரர்கள். அந்த வாரம்தான் எனக்கும் வந்தது. காய்ச்சல் இரண்டு நாள், வாசனை போய்விட்டது. எக்ஸ்போ மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். பெரிய கூடம், அட்டைத் தடுப்பு, தடுப்புக்கு இரண்டு கட்டில். சத்தியமாகச் சொல்கிறேன், ஏழு வருஷத்தில் எனக்குக் கிடைத்த அதிக இடம் அங்கேதான்.

இப்போது அக்கா கேட்ட கேள்விக்கு வருகிறேன். மார்ச் 18லேயே சிங்கப்பூரும் மூடியிருந்தால் நாங்கள் தப்பித்திருப்போமா? நான் இதைப் பலநாள் யோசித்திருக்கிறேன். எங்களை அப்படியே அறைக்குள் வைத்து மூடியிருந்தால், ஒருவனுக்கு இருந்தாலும் பன்னிரண்டு பேருக்கும் வந்திருக்கும், இருபது நாள் முன்னாடி வந்திருக்கும். மூடுவதற்கு முன்னால் அறையைக் காலிசெய்து ஆறு பேரை வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தால்தான் அந்தத் தேதிக்கு அர்த்தம். பிற்பாடு அதைத்தான் செய்தார்கள். ராணுவ முகாம், காலியான அடுக்குமாடி, மிதக்கும் தங்குமிடம் என்று ஆட்களைப் பிரித்தார்கள். டிசம்பரில் கணக்கு வந்தது, விடுதிவாசிகளில் நூற்றுக்கு 47 பேருக்குத் தொற்று வந்து போயிருக்கிறது என்று. விடுதிகளில் இருந்தது மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள்.

மார்ச் 18இல் மூடிய மலேசியாவிலும் இதே கதை நவம்பரில் நடந்தது. கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலை ஊழியர்களின் விடுதிகளில் ஆயிரக்கணக்கில் வந்தது. கிள்ளான்வாசி அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். நாட்டை மூடிய தேதி அந்த அறைகளுக்குள் எட்டவே இல்லை.

மருத்துவம் நன்றாகப் பார்த்தார்கள், எங்களில் இறந்தவர்கள் மிகச் சிலர். அதை மறைக்கக்கூடாது. சாப்பாடுதான் முதல் மாதம் பெரிய பாடு. வெளியிலிருந்து பொட்டலம் வரும். சோறு, முட்டைக்கோஸ், ஒரு துண்டு கோழி. மறுநாள் சோறு, முட்டைக்கோஸ், முட்டை. காலையில் கட்டியது மதியம் திறக்கும்போது மூடியில் நீர் கோத்து நிற்கும். வாசனை தெரியாத எனக்கு அது பிரச்சினையாக இல்லை, மற்றவர்கள் பாவம்.

மூடிய தேதியைப் பற்றியே எல்லோரும் சண்டை போடுகிறீர்கள். திறந்த தேதி? ஊருக்கு ஜூன் 2. எங்களுக்கு வேலைக்கு மட்டும் வண்டியில் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்கள். லிட்டில் இந்தியாவுக்குப் போக 2021 செப்டம்பரில் சோதனையாக விட்டார்கள், வாரத்துக்கு 500 பேர், நான்கு மணி நேரம். எனக்கு அந்த 500இல் இடம் கிடைக்கவில்லை.


ஸ்கூடாய்77 எழுதியது:

சுருக்கமாகச் சொல்கிறேன். "மலேசியா சீக்கிரம் மூடியது" என்பது 2020 மார்ச்சுக்கு மட்டும்தான் பொருந்தும். செப்டம்பர் 26ஆம் தேதி சபா தேர்தல் நடந்தது, பிரசாரத்துக்குப் போனவர்கள் திரும்பியதும் எண்ணிக்கை ஏறியது. அப்போது உடனே இறுக்கவில்லை. ஜனவரி 2021இல் இரண்டாவது ஆணை, ஜூன் 1இல் முழு முடக்கம். அதற்குள் கை மீறிவிட்டது. ஜூலையில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், மூன்று வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி. சாப்பாடு இல்லை என்பதற்கு அடையாளம் அது. அதில் ஒரு வீட்டுக்கு என் மனைவி அரிசியும் மைலோவும் கொண்டுபோனபோது, அந்த அம்மா கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவே கையெடுத்துக் கும்பிட்டார்.

2020 முடிவில் 471 மரணம். 2021 முடிவில் 31,000ஐத் தாண்டியது. சிங்கப்பூரில் அதே சமயம் 800 சொச்சம். இரண்டு நாட்டையும் ஒப்பிடுவதென்றால் அந்த இருபது நாளோடு நிறுத்தாதீர்கள். முதல் முறை சீக்கிரம் மூடிய அதே அரசாங்கம்தான் அடுத்த முறை தயங்கியது. கடை மூடியவர்களும் தினக்கூலிக்காரர்களும் முதல் முறையிலேயே கையிருப்பைத் தின்று தீர்த்துவிட்டார்கள், மறுபடி மூட மனசு வரவில்லை என்பது என் அபிப்பிராயம்.


மாசாய்மகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

கிள்ளான்வாசி அண்ணே, அந்த நீலப் பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதற்குப் பிறகு மார்ச் 18 தவறு என்று நான் சொல்லமாட்டேன். அண்ணன் கட்சி அந்த அளவில் ஜெயித்தது. அவகாசம் கொடுத்தால் நோயும் பயணம் செய்யும் என்பதையும் ஏற்கிறேன். ஆனால் அன்று பாலத்தில் அது எப்படியும் பயணம் செய்திருக்கும், எங்கள் முழங்கை ஒட்டிய வரிசையில்.

என் மனத்தாங்கல் இப்போது தெளிவாகத் தெரிகிறது. மார்ச் 17ஆம் தேதியே இரண்டு பிரதமர்களும் பேசி, சரக்கு லோரிகள் தடையில்லாமல் போய்வரலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். அன்று சிங்கப்பூர்க் கடைகளில் முட்டையும் காய்கறியும் காலியாகிக்கொண்டிருந்தன, அந்த முடிவு அவசியம்தான். அதனால் என் அண்ணன் அந்த ஆறு மாதமும் வாரத்துக்கு மூன்று நாள் பாலத்தைத் தாண்டி வந்தார். பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் சரக்கு இறக்கிவிட்டுத் திரும்புவார். நான் இருந்த புளோக்கைத் தாண்டித்தான் விரைவுச்சாலை. "இப்ப உன் வீட்டுக்கிட்ட போறேன்" என்று போன் செய்வார். நான் ஒன்பதாவது மாடித் தாழ்வாரத்தில் நின்று லோரிகளைப் பார்ப்பேன். எது அவருடையது என்று தெரியாது, எல்லாவற்றுக்கும் கையாட்டுவேன். வண்டியை விட்டு அனாவசியமாக இறங்கக்கூடாது என்பது அவருக்கு விதி. அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் பாட்டில் அவர் சீட்டுக்கு அடியில் எத்தனையோ தடவை வந்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது.

தொழிலாளர்களுக்கு ஓர் இரவுக்கு 50 வெள்ளி வீதம் பதினான்கு நாளுக்குத் தங்கும் செலவை சிங்கப்பூர் அரசாங்கம் முதலாளிகளுக்குக் கொடுத்தது. அதை மறக்கமாட்டேன், என் முதல் இரண்டு வாரக் கட்டில் அந்தப் பணத்தில்தான். ஆனால் நாங்கள் எப்படி வீட்டுக்குப் போய்வருவது என்பதற்கு இரண்டு நாடும் சேர்ந்து வழி செய்தது ஆகஸ்ட் 17ஆம் தேதி. நான் விண்ணப்பம் போட்டு வீடு போய்ச் சேர்ந்தபோது செப்டம்பர். மகளுக்கு முன்பல் இரண்டு விழுந்து ஒன்று பாதி முளைத்திருந்தது. இந்த ஐந்து மாதத் தாமதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் அண்ணனும் பேசியதில்லை, அண்ணியின் தம்பியும் பேசியதில்லை. மார்ச் 18ஆ ஏப்ரல் 7ஆ என்பதைவிட, நான் கேட்டிருக்கவேண்டிய தேதி ஆகஸ்ட் 17 என்று நினைக்கிறேன்.

டீச்சர், உங்கள் மாமியார் நலம்தானே? எழுதுங்கள்.

காவிரிக்கரைத் தம்பி, உங்கள் பதிலை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். 1,426 என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்கிறவர், அந்த எண்ணுக்குள் இருந்த ஒருவர் எழுதியதை இதுவரை படித்ததில்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவர் கேட்டது முட்டைக்கோஸைப் பற்றி. அந்த ஏப்ரலில் அவர் லோரியில் பாதி கேமரன் மலை முட்டைக்கோஸ்தான். எங்கெங்கே போகிறது என்று தெரியாமல் இறக்கிப்போட்டு வந்தாராம். நீங்கள் சாப்பிட்டது அதுவாக இருக்குமா என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். பொட்டலம் எந்தப் பக்கத்துச் சமையற்கூடத்திலிருந்து வந்தது என்று நினைவிருந்தால் எழுதுங்கள், அவருக்கு இடம் தெரியும்.